கோவளம் முகத்துவாரத்தில் அலை கணிப்பது: செயலி முதல் மணல்திட்டு வரை

போனில் அலை முன்னறிவிப்புச் செயலி 1.2 மீட்டர் என்று காட்டும். அதை நம்பி விடியற்காலையில் சர்ஃப் போர்டைக் கட்டிக்கொண்டு ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) போனால், சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் முழங்கால் உயரத்துக்கு ஏதோ புரண்டுகொண்டிருக்கும். வேறொரு நாள் 0.8 என்று காட்டும். முகத்துவாரத்தின் வெளித்திட்டில் ஆள் உயர அலை வரிசை பிசகாமல் உடையும். செயலி இரண்டு நாளும் பொய் சொல்லவில்லை. அது சொன்னது ஆழ்கடலில் ஓடும் அலையைப் பற்றி. அந்த அலை நம்மிடம் வரும் வழியில் இலங்கை குறுக்கே கிடக்கிறது, பிறகு காற்று, கடைசியாக உப்பங்கழி கடலில் சேரும் வாயில் ஒரு மணல்திட்டு. முகத்துவாரத்தில் இந்தக் கடைசி ஆள்தான் முடிவு சொல்கிறவர்.

முகத்துவார சர்ஃபிங் பற்றி இணையத்தில் கிடைப்பதில் பெரும்பகுதி குளிர்நீர்க் கரைகளுக்கு எழுதியது. பனி உருகிப் பெருகும் ஆறு, 5 மி.மீ. வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை), மூன்று நான்கு மீட்டர் ஏறி இறங்கும் ஓதம். இயற்பியல் நமக்கும் அதேதான், எண்கள்தான் வேறு. சென்னையில் அமாவாசை ஓதமே ஏறத்தாழ ஒரு மீட்டர். தை மாதத்துத் தண்ணீரும் 25, 26 டிகிரி. ரேஷ் கார்டு (தோல் உராயாமல் காக்கும் மெல்லிய சட்டை) போதும். ஆறு என்று சொன்னாலும் வருடத்தின் பெரும்பகுதி ஓடாமல் கிடக்கும் கழி. ஆகவே அந்தக் குறிப்புகளை அப்படியே எடுத்துப் போட்டால் இங்கே பலிக்காது.

இடத்தின் அமைப்பு

ஈ.சி.ஆரில் முட்டுக்காடு பாலத்துக்குக் கிழக்கே கழி கடலோடு சேர்கிறது. அதற்குத் தெற்கே கோவளம் ஊர். கரை கிழக்கு பார்த்தது, சற்றே தெற்குச் சாய்வு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் அதிலிருந்தே வரும். மேற்கு, வடமேற்குக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும்; அது ஆஃப்ஷோர், அலையின் முகத்தை நிமிர்த்தி வழுவழுப்பாக்கும். தென்கிழக்கு, கிழக்கு, வடகிழக்குக் காற்று ஆன்ஷோர். அலையை முதுகில் தட்டிக் குலைக்கும். தெற்கிலிருந்து வரும் ஸ்வெல் (தூரத்துப் புயலோ காற்றோ கிளப்பி, அங்கிருந்து ஓடி வரும் அலை) கரையோடு வடக்கே நகர்ந்துகொண்டே உடையும் என்பதால் நல்ல அலைகள் பெரும்பாலும் வலப்பக்கம் ஓடுபவை, அதாவது கரையைப் பார்த்து நிற்பவருக்கு வலது.

கழியின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பெய்யும் மழை சதுப்புநிலத்தில் தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, இங்கேதான் கடலுக்கு வெளியேறுகிறது. தென்சென்னையின் மழைநீரும் அதோடு சேர்ந்த சாக்கடையும் இந்த வாய் வழியாகப் போகின்றன. முகத்துவாரத்தில் அலை பார்க்கிறவர் மழைச் செய்தியையும் பார்க்க வேண்டியது இதனால்தான்.

செயலியில் எதைப் பார்ப்பது

விண்டி, விண்ட்குரு, சர்ஃப்லைன் என்று எதை வைத்திருந்தாலும் முகப்பில் பெரிதாகத் தெரியும் 'அலை உயரம்' என்ற ஒற்றை எண்ணை ஒதுக்கிவிடுங்கள். அது ஸ்வெல், காற்றலை எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லும் எண். 1.5 மீட்டர் என்பதில் 1.3 மீட்டர் வெறும் காற்றலையாக இருக்கலாம். ஸ்வெல் என்று தனியாகப் பிரித்துக் காட்டும் வரிசைக்குப் போய் மூன்றைப் பாருங்கள்: உயரம், பீரியட், திசை.

பீரியட் என்பது ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள நொடிக் கணக்கு. இந்தக் கரையில் 5 முதல் 7 நொடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய அலை. 8 முதல் 11 வரை வங்கக் கடலுக்குள்ளேயே, பெரும்பாலும் ஒரு புயலோ தாழ்வு மண்டலமோ அனுப்பியது. 12-க்கு மேல் போனால் தென் இந்தியப் பெருங்கடலில் 40, 50 டிகிரி தெற்கில் அடித்த புயலின் அலை.

உயரத்தைவிடப் பீரியடுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுங்கள். நேராக வந்து மணலில் ஏறும்போது 1 மீட்டர், 7 நொடி அலை உடையும் உயரம் சுமார் 1.3 மீட்டர். அதே 1 மீட்டர், 14 நொடி என்றால் 1.7 மீட்டரைத் தாண்டும். நீண்ட அலை ஆழத்திலேயே தரையை உணர்ந்து, வேகம் குறைந்து, சுருங்கி எழுவதுதான் காரணம். ஆழ்கடலில் அலைநீளம் பீரியடின் வர்க்கத்தை 1.56-ஆல் பெருக்கினால் வரும். 7 நொடிக்கு 76 மீட்டர், 14 நொடிக்கு 306 மீட்டர். அதில் பாதி ஆழத்தில் அலை தரையைத் தொடத் தொடங்கும்.

எப்போது வந்து சேரும் என்பதற்கும் பீரியடே கணக்கு. பீரியடை 2.8-ஆல் பெருக்கினால் ஸ்வெல் நகரும் வேகம், மணிக்குக் கிலோமீட்டரில். 15 நொடி ஸ்வெல் மணிக்கு 42 கி.மீ., நாளொன்றுக்கு ஆயிரம் கி.மீ. தென் 45 டிகிரியிலிருந்து நமக்கு சுமார் 6,400 கி.மீ.; ஆறரை நாள். 18 நொடி அலை ஐந்தேகால் நாளில் வந்துவிடும். அதனால்தான் ஒரு ஸ்வெல் வரும்போது முதலில் பீரியட் எகிறும், உயரம் மெதுவாக ஏறும், பிறகு பீரியட் நாளுக்கு ஒன்றிரண்டு நொடி இறங்கும். முதல் நாள் செட்டுகளுக்கு (சேர்ந்து வரும் பெரிய அலைகளின் கூட்டம்) நடுவே இருபது நிமிடம்கூட வெறுமையாக இருக்கும். பெரும்பாலும் இரண்டாம் நாள்தான் நல்ல நாள்.

இனி திசை. கடல் முன்னறிவிப்பில் திசை என்பது எங்கிருந்து வருகிறது என்பது. 180 என்றால் தெற்கிலிருந்து. கோவளத்தில் நின்று இலங்கையின் கிழக்கு முனையை நோக்கிக் கோடு போட்டால் அது சுமார் 165 டிகிரியில் விழும். 165-க்குக் குறைவான திசையிலிருந்து (தென்தென்கிழக்கு, தென்கிழக்கு, கிழக்கு) வரும் அலை தடையில்லாமல் வரும். 180, 200 டிகிரியில் வருவது இலங்கையின் நிழலில் நமக்குக் கிடைக்காமல் போகும். அதன் ஓரம் மட்டும் வளைந்து, விரிந்து வந்து சேரும். இந்திய மேற்குக் கரையே பேசிக்கொள்ளும் பெரிய தென்மேற்கு ஸ்வெல் சென்னையில் ஒன்றுமில்லாமல் போவது இதனால்தான்.

இதில் பலர் இரண்டு முறை கழிக்கும் தவறு செய்கிறார்கள். செயலியில் சென்னைக்கு எதிரே உள்ள புள்ளியைத் தொட்டுப் பார்த்தால், முன்னறிவிப்பைக் கணக்கிடும் கணினி மாதிரிக்குள் இலங்கை ஏற்கெனவே இருக்கிறது. அங்கே காட்டும் 0.7 மீட்டர் நிழல் போக மீதி. அதைத் திரும்பக் குறைக்க வேண்டாம். இலங்கைக்குத் தென்கிழக்கே, 5 டிகிரி வடக்கு, 83 டிகிரி கிழக்கு என்ற திறந்த கடல் புள்ளியைப் பார்த்தால் அங்கே கழிக்கத்தான் வேண்டும். 160–170 டிகிரியானால் முக்கால் பங்கு, 175–185 ஆனால் பாதி, 190-க்கு மேல் மூன்றில் ஒன்று நமக்கு மிஞ்சும் என்று வைத்துத் தொடங்கலாம். இது தோராயம், உங்கள் குறிப்பேடு இதைத் திருத்தும். இரண்டு புள்ளியையும் பார்ப்பதில் ஒரு லாபம் உண்டு. 14 நொடி ஸ்வெல் அந்தத் தெற்குப் புள்ளியிலிருந்து கோவளம் வர 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே இன்று காலை ஏறியிருந்தால் நமக்கு நாளை விடியல்.

ஹைதராபாத்தின் இன்காய்ஸ் (இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம்) தரும் கடல்நிலை முன்னறிவிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அங்கிருந்துதான் வரும். காற்றில்லாத, வெயிலடிக்கும் நாளில் தூரத்து ஸ்வெல் திடீரென்று கரையேறுவதற்குத்தான் அந்தப் பெயர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படிப்பட்ட ஒரு நாளில். எச்சரிக்கை இருக்கும் நாளில் முகத்துவாரம் வேண்டாம், எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும்.

காற்றின் கடிகாரம்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்று மேற்கிலிருந்து வருவது, நமக்கு ஆஃப்ஷோர். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தெற்கு ஸ்வெல்லும் மேற்குக் காற்றும் காலை வேளையில் சேர்ந்து கிடைக்கின்றன. உலக சர்ஃப் லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டி 2023-ல் மாமல்லபுரத்தில் ஆகஸ்டில் வைக்கப்பட்டதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

நாள் கணக்கில்: விடிவதற்கு முன்பிருந்து எட்டரை, ஒன்பது மணி வரை கரைக்காற்று. பிறகு கொஞ்ச நேரம் காற்றே இல்லாத இடைவெளி. பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் கடற்காற்று புகும். அதோடு அன்றைய ஆட்டம் முடிந்தது. மேற்குக் காற்று பலமாக உள்ள நாளில் கடற்காற்று தாமதமாகும், சில நாள் வராமலே போகும். நகரத்தில் 40 டிகிரி கொளுத்துகிற நாள் அதுதான். வெயிலைத் திட்டிக்கொண்டே மதியம் இரண்டு மணிக்குக்கூட நல்ல அலை பிடிக்கலாம்.

அளவு: ஆஃப்ஷோர் மணிக்கு 10–20 கி.மீ. நன்று. 30-ஐத் தாண்டினால் அலையில் ஏறும்போது போர்டின் மூக்கைத் தூக்கிவிடும். களைத்தவரைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டும் போகும். ஆன்ஷோர் 12-க்குள் பொறுத்துக்கொள்ளலாம், 20 என்றால் தூங்கலாம்.

மார்ச், ஏப்ரலில் தெற்குக் காற்று கரையோடு இழுத்து மதியத்துக்கு மேல் கடலைக் கலக்கிவிடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடை, நாள் முழுக்க ஆன்ஷோர். ஆனால் அந்தப் பருவத்திலும் மே மாதத்திலும் ஒரு விலக்கு உண்டு. நடு வங்கக் கடலில் உருவாகி ஒடிசா, வங்கம் பக்கம் போகும் புயல் நம்மைத் தாண்டி வடக்கே ஏறியதும் இங்கே காற்று மேற்காகத் திரும்பும். 9–12 நொடி ஸ்வெல் வடகிழக்கிலிருந்து, இலங்கையின் தடையில்லாமல், நேராக வரும். இடப்பக்கம் ஓடும் அலைகள் கிடைக்கும் அபூர்வ நாட்கள் இவை. புயல் நம் பக்கம் வரும் நாளை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 2022 டிசம்பர் மாண்டஸ் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரை கடந்தது. துறைமுகத்தில் கூண்டு ஏறியது என்றால் எண்ணையும் புயல் போகும் பாதையையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று வானிலை மையம் சொன்ன நாளில் விவாதமே இல்லை.

ஓதமும் திதியும்

நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வித்தியாசம் சுமார் 1 மீட்டர். அஷ்டமியை ஒட்டி 40 செ.மீ. குளிர்நீர்க் கரைக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். ஆனால் திட்டின் மேல் வற்றத்தில் 80 செ.மீ. தண்ணீர்தான் என்றால் இந்த ஒரு மீட்டர் எல்லாவற்றையும் மாற்றிவிடும். அலை தன் உயரத்தைப் போல் சுமார் 1.3 மடங்கு ஆழத்தில் உடையும். 80 செ.மீ. ஆழத்தில் 60 செ.மீ. அலை உடையும். ஏற்றத்தில் அங்கே 1.8 மீட்டர் நின்றால் 1.4 மீட்டர் அலைதான் உடையும். சிறியதெல்லாம் திட்டைத் தாண்டி, கரையோரம் வந்து ஒரே அடியாகச் சாத்தும்.

முகத்துவாரத்துக்கு வற்றம் இரண்டாவது வேலையும் செய்கிறது. கழியிலிருந்து தண்ணீர் வெளியே ஓடும்போது எதிரே வரும் அலையைத் தடுத்து நிறுத்திச் செங்குத்தாக்கும். அதே ஸ்வெல் ஏற்றத்தின்போது, தண்ணீர் உள்ளே ஓடுகையில், படுத்துவிடும். ஆகவே தேட வேண்டியது: விடியலில் ஏற்றம் முடிந்து, காற்று கெடுவதற்குள் தண்ணீர் வெளியே ஓடும் நாள்.

அதற்குத் திதி உதவும். சென்னையில் அமாவாசை, பௌர்ணமியன்று உச்ச ஏற்றம் ஏறத்தாழ எட்டரை மணியை ஒட்டி, காலையும் இரவும். நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப்போகும். பின்னோக்கிக் கணக்கிட்டால் ஏகாதசிக்கு ஐந்து, துவாதசிக்கு ஆறு, திரயோதசிக்கு ஏழு மணியை ஒட்டி உச்சம். காலை முழுவதும் வற்றம் ஓடுகிற நாட்கள் இவையே, வளர்பிறையிலும் தேய்பிறையிலும். அமாவாசையன்று விடியலில் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். வற்றம் ஓடத் தொடங்கும்போது காற்று வந்துவிடும். அஷ்டமியில் விடியலில் வற்றம் ஓடும், ஆனால் வலுவில்லை. தினசரிக் காலண்டர் நாளைத் தேர்ந்தெடுக்க. நிமிடக் கணக்குக்குச் சென்னைத் துறைமுகத்தின் ஓத அட்டவணையைப் பாருங்கள்.

ஒரு சூட்சுமம். வாய் குறுகலாக இருந்தால் கடல் வற்றத் தொடங்கிய பிறகும் கழிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். கடலில் ஆறு மணிக்கு உச்சம் என்றால் வாயில் ஓட்டம் திரும்ப ஏழு, ஏழரை ஆகலாம். அதேபோல் கடல் முழுதாக வற்றி மறுபடி ஏறத் தொடங்கிய பின்னும் வெளியோட்டம் நிற்காது. இந்தத் தாமதம் வாயின் அகலத்தைப் பொறுத்து மாறும். பாலத் தூண்களின் எந்தப் பக்கம் நீர் சுழித்து வால் விடுகிறது என்று பார்த்தால் ஓட்டத்தின் திசை தெரியும்; அட்டவணை நேரத்தோடு ஒப்பிட்டு அந்த மாதத்தின் தாமதத்தைக் குறித்து வையுங்கள்.

மணல்

எந்தச் செயலியிலும் இல்லாதது இதுதான். இந்தக் கரையில் தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கே நகரும், வாடையில் தெற்கே. மொத்தத்தில் வடக்கே போவதே அதிகம். சென்னைத் துறைமுகம் கட்டியபின் அதன் தெற்கே மெரினா விரிந்ததும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்ததும் அதே மணல் ஓட்டத்தால்தான். முகத்துவாரத்தில் இதன் பொருள்: கோடையிலும் ஆடியிலும் தென்கரை மணல்நாக்கு வடக்கே நீளும், வாய் வடக்கே ஒதுங்கிக் குறுகும், சில வருடம் அடைத்தே போகும்.

அடைத்த வாய் சர்ஃபுக்கு உதவாது. மணல் கரையோடு நேர்கோடாகிவிடும். அலை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே நேரத்தில் கவிழும். நல்ல திட்டு வேண்டுமென்றால் ஆறு தள்ள வேண்டும். சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 செ.மீ.; அதில் பாதிக்கு மேல் அக்டோபர்–டிசம்பரில். அந்த வெள்ளம் வாயை உடைத்து மணலைக் கடலுக்குள் தள்ளி, குதிரை லாடம் போல ஒரு வெளித்திட்டைப் போடும். வாடை இருக்கும்வரை அதில் ஒன்றும் செய்ய முடியாது. தை, மாசியில் சிறிய அலைகள் அதைச் செதுக்கும். மே, ஜூனில் முதல் தெற்கு ஸ்வெல் வரும்போது அந்த லாடத்தின் வடக்குக் கை சாய்வாக நின்றால், வலப்பக்கம் நீளமாக ஓடும் அலை கிடைக்கும். ஆக, இந்த வருடம் ஆடி அலை எப்படி என்பதற்குப் பாதி விடை போன கார்த்திகை மழையில் இருக்கிறது.

இடையில் மனிதன் கை வைப்பதும் உண்டு. வெள்ளம் வடிய வேண்டி மழைக்கு முன் வாயை வெட்டிவிடுவார்கள். வெட்டிய சில நாட்களில் வெளியோட்டம் பெருகித் திட்டு உருமாறும். எங்கே அலை உடைந்ததோ அங்கே ஆழம், ஆழமாக இருந்த இடத்தில் மேடு. ஸ்பெயினின் பாஸ்க் கரையில் முண்டாக்கா என்ற புகழ்பெற்ற முகத்துவார அலை, ஆற்றில் மணல் வாரியதால் திட்டு குலைந்து, 2005-ல் அங்கே நடக்க வேண்டிய உலகப் போட்டியே ரத்தானது. நம்முடையது அதைவிடச் சின்ன வாய். ஒரு பொக்லைன் ஒரே நாளில் மாற்றிவிடும். பழைய நினைவை நம்பி இறங்காதீர்கள்.

திட்டின் இப்போதைய வடிவத்தை இரண்டு வழியில் அறியலாம். ஒன்று, செயற்கைக்கோள் படம். சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும், இலவசம். ஒரு புள்ளி 10 மீட்டர் என்பதால் வாய் திறந்திருக்கிறதா, நாக்கு எந்தப் பக்கம், வெள்ளை நுரை எங்கே என்பது தெரியும். மேகமில்லாத கடைசிப் படத்தை எடுத்து வையுங்கள். இரண்டு, முழு வற்றத்தில் போய் கரையில் நின்று பார்ப்பது. இதற்கு மாற்று இல்லை.

கரையில் முதல் இருபது நிமிடம்

போர்டை இறக்காமல் நில்லுங்கள். இருபது நிமிடம் என்பது குறைந்தபட்சம். 14 நொடி ஸ்வெல்லில் இரண்டு செட்டாவது பார்த்தால்தான் அன்றைய அளவு தெரியும்.

பீரியடை நீங்களே எண்ணுங்கள். ஒரு அடையாளத்தைத் தாண்டும் முதல் முகட்டில் கடிகாரத்தை ஓடவிட்டு, பதினோராவது முகட்டில் நிறுத்தி, பத்தால் வகுக்க வேண்டும். செயலி 13 சொல்லி உங்கள் கணக்கு 7 வந்தால் ஸ்வெல் இன்னும் வரவில்லை. நீங்கள் பார்ப்பது காற்றலை.

பிறகு வாயின் ஓட்டம். ஒரு தேங்காய் மட்டையை எறிந்து, கரையோடு இருபது எட்டு வைக்கும் தூரம், சுமார் 15 மீட்டர், அது கடக்க எத்தனை நொடி என்று பாருங்கள். 30 நொடி என்றால் நொடிக்கு அரை மீட்டர், சமாளிக்கலாம். 15 நொடி என்றால் ஒரு மீட்டர். நடுத்தரமாகத் துடுப்பு போடுகிறவர் அதை எதிர்த்து வர முடியாது. 10 நொடிக்குக் கீழே போனால் வாயின் பக்கமே போகாமல் தெற்கே ஊர்ப் பக்கத்து அலையில் இறங்குங்கள்.

தண்ணீரின் நிறமும் தோலும் நிறையச் சொல்லும். வெள்ளை நுரை எழும் இடம் மேடு. இரண்டு வெள்ளைக்கு நடுவே கருமையாக, அலை உடையாமல் சிலிர்த்துக்கொண்டிருக்கும் பட்டை ஆழம். தண்ணீர் வெளியே போகும் பாதை அதுவே. புதியவர்கள் "இங்கே அலையில்லை, சாது" என்று அதில்தான் இறங்குவார்கள். செம்பழுப்புத் தண்ணீரும் பச்சைத் தண்ணீரும் சேருமிடத்தில் நுரைக்கோடு நேராகக் கடலுக்குள் நீண்டிருந்தால் வெளியோட்டம் பலம்.

அலை எங்கே முதலில் உடைகிறது என்பதைக் கரையில் முன்னும் பின்னுமாக உள்ள இரண்டு பொருளால் பிடித்து வையுங்கள். ஒரு பனைமரமும் அதன் பின்னே ஒரு செல்போன் கோபுரமும் போதும். மீனவர்கள் கடலில் இடம் குறிப்பது இப்படித்தான். தண்ணீரில் உட்கார்ந்தபின் அவை இரண்டும் விலகத் தொடங்கினால் ஓட்டம் உங்களை நகர்த்துகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

இறங்குவது எப்போதும் வாய்க்குத் தெற்கே, ஐம்பது அறுபது மீட்டராவது தள்ளி. நீரோட்டம் வடக்கே இழுக்கும் பருவத்தில் அதுவே உங்களைத் திட்டுக்குக் கொண்டுவந்து விடும். கரையேறும் வழியையும் இறங்குமுன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். வெளியோட்டத்தில் சிக்கினால் எதிர்த்து அடிக்காமல் போர்டை விடாமல் கடலுக்குள் போகவிட்டு, இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகத் தெற்கோ வடக்கோ நகர்ந்து, அலை உடையும் மேட்டின் வழியாகத் திரும்புங்கள். வெள்ளை நுரை உங்களைக் கரைக்குத் தள்ளும், கருநீர் தள்ளாது.

விடியலில் ஃபைபர் படகுகள் அந்தக் கருநீர்ப் பாதையில்தான் போய் வரும். அலை இடைவெளி பார்த்து முழு வேகத்தில் பாயும் படகால் உங்களுக்காகத் திரும்ப முடியாது. அந்தப் பாதையில் உட்காராதீர்கள். வாயை ஒட்டி வலை போட்டிருப்பார்கள். மிதவை தெரிந்தால் சுற்றிப் போகவும். லீஷின் (காலையும் போர்டையும் இணைக்கும் கயிறு) பட்டையை ஒரே இழுப்பில் கழற்றிப் பழகியிருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு. அன்றைக்குக் கடல் எப்படி என்று கரையில் வலை பிரிக்கிறவரிடம் ஒரு வார்த்தை, "அண்ணே, வாய் எந்தப் பக்கம் இழுக்குது?" என்று கேட்பது எந்த மாதிரியையும்விடப் புதிய தகவல்.

விழும்போது தட்டையாக விழுங்கள், தலைகீழாக ஒருபோதும் வேண்டாம். திட்டில் இடுப்பளவு தண்ணீர்தான். மேட்டில் நடக்கும்போது காலைத் தூக்காமல் தேய்த்து நடந்தால் மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சுடுநீரில், 40 முதல் 45 டிகிரி, அரை மணிக்குக் குறையாமல் காலை வைத்துவிட்டு மருத்துவரிடம் போகவும். முள் ஆழமாகப் பதிந்திருந்தால் அங்கேயே பிடுங்க வேண்டாம்.

எப்போது கூடாது

தென்சென்னையில் கனமழை பெய்து ஓய்ந்தபின் மூன்று முழு நாள். பள்ளிக்கரணையில் தேங்கிய தண்ணீர் மெதுவாகவே வரும் என்பதால் வெயில் வந்த பிறகும் பழுப்பு ஓடிக்கொண்டிருக்கும். நிறம் தெளியாவிட்டால் நாலாம் நாளும் வேண்டாம். காது, கண், சிராய்ப்பு மூன்றும் முதலில் சீழ் பிடிக்கும். பெருமழையில் வாய் உடையும் நாளில் மரக்கட்டை, முள்வேலி, ஆகாயத்தாமரைக் குவியல் எல்லாம் வரும். அடையாறு, கூவம் முகத்துவாரங்களில் மழையில்லாத நாளிலும் இறங்காதீர்கள். அலை நன்றாகத்தான் தெரியும், தண்ணீர் சாக்கடை.

தனியாக முகத்துவாரத்தில் இறங்க வேண்டாம். கரையில் நிற்பவரிடம் இரண்டு எண்கள் இருக்கட்டும்: கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. ஆம்புலன்ஸ் 108 எல்லோருக்கும் தெரியும்.

குறிப்பேடு

ஒவ்வொரு முறையும் ஒரு வரி. தேதி, திதி, தெற்குப் புள்ளியின் ஸ்வெல் (உயரம், பீரியட், திசை), சென்னைப் புள்ளியின் ஸ்வெல், ஆறு மணிக் காற்று, கடற்காற்று வந்த நேரம், உச்ச ஏற்றம், ஓட்டம் திரும்பிய நேரம், மட்டையின் நொடி, வாயின் அகலம் எத்தனை எட்டு, அலை எங்கே உடைந்தது, உடைந்த உயரம். உயரத்தை முதுகிலிருந்து அளக்காமல் முகத்திலிருந்து, முழங்கால், இடுப்பு, நெஞ்சு, தலை என்று உடம்பால் எழுதுங்கள். அலையே இல்லாமல் திரும்பிய நாட்களையும் எழுத வேண்டும். அவற்றை விட்டுவிட்டால் செயலி எப்போது பிசகுகிறது என்பது தெரியாமலே போகும்.

முப்பது வரி சேர்ந்ததும் திசைவாரியாகப் பிரித்து, காட்டிய உயரத்துக்கும் உடைந்த உயரத்துக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். மேலே சொன்ன முக்கால், பாதி, மூன்றில் ஒன்று என்பவை அங்கே உங்கள் எண்களாக மாறும். ஒரே ஸ்வெல், ஒரே காற்று, ஒரே ஓதம் இருந்தும் விகிதம் திடீரென்று விழுந்தால் திட்டு நகர்ந்துவிட்டது. புதிய செயற்கைக்கோள் படத்தைத் திறங்கள். அடுத்த ஏகாதசிக்கு முன் ஒரு வற்றத்தில் போய் மணலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.